திருச்செந்தூர் முதல் கன்னியாகுமரி வரை கரையோர நடை: நாலு நாள் போதுமா?

#1 மணல்நடை | டிசம்பர் 1, இரவு 10.12

வணக்கம். வேலை பெங்களூரில், சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மலையேறிப் பழக்கம் உண்டு. கடற்கரையில் நாள்கணக்கில் நடந்ததில்லை. இந்த மாதக் கடைசியில் நானும் நண்பர் ஒருவரும் திருச்செந்தூரில் தொடங்கி, கரையை விடாமல் கன்னியாகுமரி வரை நடக்கலாம் என்றிருக்கிறோம். வரைபடத்தில் அளந்தால் எண்பத்தைந்து கி.மீ. வருகிறது. தினம் இருபத்திரண்டு கி.மீ. என்றால் நாலு நாள்.

முதல் நாள் மணப்பாடு, அடுத்து உவரி, மூன்றாம் நாள் இடிந்தகரை தாண்டி எங்காவது, நாலாம் நாள் அஸ்தமனத்துக்குக் குமரி. கூடாரம் இருக்கிறது, இரவில் மணலிலேயே படுத்துக்கொள்வோம். கடல் ஏறி வற்றும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையும் இறக்கி வைத்துவிட்டேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்? குளிருக்கு என்ன எடுத்துக்கொள்வது?

#2 உவரிக்காரன் | டிசம்பர் 1, இரவு 11.03

தம்பி, குளிருக்கு ஒரு துண்டு போதும். மார்கழியிலும் இங்கே பகலில் முப்பது டிகிரி இருக்கும். விடியற்காலையில் பனி விழும், தலையில் கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வெயிலுக்குத்தான் ஏற்பாடு வேண்டும். முழுக்கைச் சட்டை, பெரிய விளிம்புத் தொப்பி. மணல் எதிரொளித்து கீழிருந்தும் முகத்தைச் சுடும் என்பது நடக்கும்போதுதான் தெரியும்.

ஓத அட்டவணையை வேறு ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூடக் கிடையாது. வற்றத்தில் நடக்கக் கொஞ்சம் கெட்டி மணல் கிடைக்கும், அந்த அளவுக்கு உதவும். உங்களை நிறுத்தப் போவது ஓதம் இல்லை. ஆறும் வேலியும்தான். அதை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

#3 தேரிக்காட்டு நரி | டிசம்பர் 2, காலை 7.30

முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பரில் இந்தக் கரையை நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். நான் உடன்குடியில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தேன். அதற்கு முன்னால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். குமரிக் கடல்புறத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பேச்சு நின்றுபோகும்.

வருஷா வருஷம் அப்படி ஆகாது. ஆனால் நாள் குறித்து லீவு போட்டு வருகிறவர்கள் பொங்கலுக்கு அப்புறம் வருவதே நல்லது. மழை ஓய்ந்திருக்கும், மகரஜோதி முடிந்து குமரியில் ஐயப்ப பக்தர் கூட்டம் குறைந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஆனால் தைப்பூசத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பூசத்துக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரைக் கூட்டம், உவரி சுயம்புலிங்க சாமி கோயிலில் தேரோட்டம். அப்போது படுக்கத் திண்ணைகூடக் கிடைக்காது.

#4 மணல்நடை | டிசம்பர் 2, காலை 9.15

சரி, ஜனவரி மூன்றாம் வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். வடக்கிலிருந்து தெற்கே வருவதா, குமரியில் தொடங்கித் திருச்செந்தூரில் முடிப்பதா? நண்பருக்குச் செந்தூரில் சாமி கும்பிட்டு முடிக்க ஆசை.

#5 உவரிக்காரன் | டிசம்பர் 2, மதியம் 1.40

தையில் வாடைக் காற்று. வடகிழக்கிலிருந்து வரும். நீங்கள் தென்மேற்காக நடந்தால் முதுகில் தள்ளும், எதிராக வந்தால் அஞ்சு நாளும் கண்ணில் மணல். நண்பரைச் செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி வேலி விவகாரம். கரையை விடாமல் நடப்பது என்பது முடியாது. இரண்டு இடத்தில் கட்டாயம் ரோட்டுக்கு ஏற வேண்டும்.

ஒன்று, மணப்பாடு தாண்டியதும். 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம். எல்லாரும் குலசேகரப்பட்டினம் என்கிறார்கள், ஆனால் இடம் மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பக்கம், 2,200 ஏக்கருக்கு மேலே. வேலை நடந்துகொண்டிருக்கிறது. எந்த நாள் எதுவரை விடுவார்கள் என்பதை மணப்பாட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விடுவார்கள் என்று நம்பி மணலில் ஆறு கி.மீ. போய்த் திரும்பி வராதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிப் பெரியதாழையில் திரும்பவும் கடலுக்கு இறங்குங்கள்.

இரண்டு, கூடங்குளம். அணுமின் நிலையத்தைச் சுற்றி 1.5 கி.மீ. யாரையும் விடமாட்டார்கள். இடிந்தகரையோடு கரை முடிந்தது. அங்கிருந்து கூடங்குளம் ஊர், செட்டிகுளம், பிறகு பெருமணல் அல்லது கூட்டப்புளி என்று உள்ளே சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றில் கூடுதலாக ஏழெட்டு கி.மீ. போய்விடும்.

ஆக மொத்தம் தொண்ணூறுக்கு மேல். நாலு நாள் போதாது. அஞ்சு.

#6 வனவாசி | டிசம்பர் 2, மாலை 6.22

அறை, லாட்ஜ் எல்லாம் எதற்கு? கடற்கரை பொதுச்சொத்து. நான் கர்நாடகத்தில் கோகர்ணா பக்கம் கூடாரத்தில்தான் தூங்கினேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் கடைசியில் பஸ்ஸில் போய் வரச் சொல்வார்கள்.

#7 உவரிக்காரன் | டிசம்பர் 2, இரவு 8.05

பொதுச்சொத்துதான், யார் இல்லை என்றது? ஆனால் அது எங்கள் வாசலும்கூட. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்குத் தொழிலுக்குப் போவார்கள். முன்னே மாதிரி தோள் கொடுத்துத் தள்ளுவது குறைந்துவிட்டது, பைபர் வள்ளத்தை டிராக்டரில் கட்டி இழுக்கிறார்கள். இருட்டில் டிராக்டர்காரனுக்கு உங்கள் கூடாரம் தெரியாது. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை.

ஊரை விட்டு விலகி ஆளில்லாத இடத்தில் போட்டால் அதைவிடத் தொல்லை. பீடி இலை, மஞ்சள் என்று இந்தக் கரையிலிருந்து இலங்கைக்குக் கடத்துவது நாளிதழில் அடிக்கடி வருகிறதல்லவா? ராத்திரி கரையில் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குப் போன் போகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளே 1093இல் கூப்பிட்டுச் சொல்வார்கள். ஆதார் அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள், ஆனால் தூக்கம் போனது போனதுதான். ட்ரோன் பக்கமே போகாதீர்கள். ஒரு பக்கம் ராக்கெட், இன்னொரு பக்கம் அணு உலை.

#8 நெய்தல்நிலா | டிசம்பர் 3, காலை 10.48

நானும் என் நாத்தனாரும் மூன்று வருஷத்துக்கு முன்னால் உவரியிலிருந்து குமரி வரை நடந்திருக்கிறோம். தங்க இடம் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. உவரியில் அந்தோணியார் கோயிலைச் சுற்றி, வருகிறவர்களுக்காகவே அறைகள் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் கூட்டம். மற்ற ஊர்களில் பகலிலேயே போய்ப் பங்குக் கோயில் அலுவலகத்தில் விவரம் சொல்லிக் கேட்டோம். ஒரு ஊரில் பங்குத்தந்தை இல்லை, கோயிற்பிள்ளை தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த அக்கா நாங்கள் நடந்து வந்ததை நம்பவே இல்லை. "யாரோட சண்டை போட்டுட்டு வந்தீங்க, உண்மையைச் சொல்லுங்க" என்று இரவு பத்து மணி வரை விசாரணை. காலையில் ஆப்பமும் மீன்குழம்பும் கொடுத்து அனுப்பினார். காசு வாங்கவில்லை. குழந்தைக்கு என்று சொல்லி வைத்துவிட்டு வந்தோம்.

பெண்கள் போவதானால் கழிப்பறைதான் திட்டத்தின் மையம். கோயில், பெட்ரோல் பங்க், பஸ் நிலையம் எது எத்தனை கி.மீ. இடைவெளியில் வருகிறது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் நடந்து சமாளிக்கலாம் என்று நினைத்து நான் இரண்டாம் நாள் மயங்கி உட்கார்ந்தேன்.

ஆண்களுக்கும் ஒன்று. விடிந்ததும் ஊரை ஒட்டிய கரையில் நடக்காதீர்கள். ஏன் என்று போனால் புரியும். ஊருக்குள்ளே புகுந்து அடுத்த முனையில் கரைக்கு இறங்கினால் எல்லாருக்கும் மரியாதை.

#9 கால்வலிக்காரன் | டிசம்பர் 3, மாலை 4.30

யாரும் காலைப் பற்றிப் பேசவில்லை. மலையில் நடந்த தெம்பில் வருகிறவர்களுக்கு இங்கேதான் அடி விழும்.

கடற்கரை தட்டையாக இருக்காது, கடல் பக்கம் சரியும். வடக்கிலிருந்து வந்தால் கடல் உங்களுக்கு இடக்கைப் பக்கம். அஞ்சு நாளும் இடது கால் தாழ்வில், வலது கால் மேட்டில். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் மத்தியானம் இடது முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்துவது போல ஒன்று தொடங்கும். திரும்பி நடந்து சமன் செய்யவும் முடியாது! நான் பெரியதாழையைத் தாண்டி அப்படி மாட்டி, உவரிக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். இங்கே யாரிடமும் அதைச் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

வழி இருக்கிறது. அலை வந்து திரும்பும் இடத்தில் ஈர மணல் கொஞ்சம் தட்டையாக, கெட்டியாகக் கிடக்கும். அந்த ஒரு முழ அகலத்தில் நடங்கள். அலை வரும்போது நனையும், நனையட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரோட்டுக்கோ மேட்டு மணலுக்கோ ஏறி, கால் சமமாகப் படும்படி நடங்கள். பொதபொத மணலில் மணிக்கு மூன்று கி.மீ. போனாலே பெரிய காரியம், ஈர மணலில் நாலு, நாலரை. இந்தக் கணக்கில் திட்டம் போடுங்கள்.

கனமான மலையேற்ற ஷூ வேண்டாம். மணல் உள்ளே போய் வேர்வையோடு சேர்ந்து உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி தோலை உரித்துவிடும். பழைய ஓட்ட ஷூ ஒன்று, பட்டை வைத்த செருப்பு ஒன்று. வெறுங்காலில் நடக்க ஆசையாக இருக்கும். ஈர மணலில் மட்டும் நடங்கள்.

#10 தேரிக்காட்டு நரி | டிசம்பர் 3, இரவு 9.10

வெறுங்கால் என்றதும் நினைவு வந்தது, இராவணன் மீசை. மணல் மேட்டில் ஊசி ஊசியாக வளரும் புல். அதன் காய்க்கொத்து முள்ளுருண்டை மாதிரி, தலையளவுகூட இருக்கும். காய்ந்ததும் காம்பு விட்டுக் காற்றில் உருளும். வாடை அடிக்கிற நாளில் பத்துப் பதினைந்து உருண்டைகள் உங்களை முந்திக்கொண்டு கரையில் ஓடுவதைப் பார்க்கலாம். பார்க்க அழகு, மிதித்தால் தெரியும். அதே மேட்டில் அடும்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருந்தால் அங்கே தைரியமாகக் கால் வைக்கலாம் என்று எங்கள் தாத்தா சொல்வார். நான் சோதித்ததில் பாதிதான் உண்மை.

#11 மணல்நடை | டிசம்பர் 4, காலை 8.00

மிரண்டுதான் போயிருக்கிறேன், ஆனாலும் நன்றி. அஞ்சு நாள் என்று மாற்றிவிட்டேன். மணப்பாடு, உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி, குமரி. உவரி அண்ணாச்சி, ஆறும் வேலியும் என்றீர்களே, ஆறு என்ன ஆயிற்று? தண்ணீர் எவ்வளவு சுமக்க வேண்டும்?

#12 உவரிக்காரன் | டிசம்பர் 4, மதியம் 2.15

மணப்பாட்டில் கருமேனியாறு கடலில் சேர்கிறது. உவரிக்குத் தெற்கே ஆற்றங்கரைப் பள்ளிவாசல் பக்கம் நம்பியாறு. வெயில் காலத்தில் இரண்டையும் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும், நடந்தே போய்விடலாம். தையில் மழைத் தண்ணீர் மிச்சமிருக்கும், ஆறு கடலில் சேரும் வாய், பொழி என்போம், திறந்திருக்கலாம். பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும். நம்பாதீர்கள். ஓரத்து மணலை நீர் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னே என் மச்சான் கல்யாண வீட்டுக்குக் குறுக்கு வழி என்று நம்பியாற்றுப் பொழியில் இறங்கினேன். நான்காவது எட்டில் கரை அப்படியே சரிந்தது. இடுப்பு வரை போனேன். கையிலிருந்த மொய்க்கவர், போன், புதுச் செருப்பு மூன்றும் கடலுக்கு. எதிர்க்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எழுந்திருக்கக்கூட இல்லை, "பாலம் எதுக்குடா கட்டியிருக்கு" என்றார். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். நீர் ஓடினால் ரோட்டுப் பாலத்துக்குப் போங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையிலும், உவரிக்கும் கூத்தங்குழிக்கும் இடையிலும் நீளமாக ஆளில்லாத கரை. மற்றபடி ஊர் வந்துகொண்டே இருக்கும். மழைக்காலம் முடிந்த கையோடு மணலைத் தோண்டினால் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் இலேசு, அதனால் மேலே மிதந்து நிற்கும். செந்தூர் நாழிக்கிணறு, எங்கள் சுயம்புலிங்க சாமி கோயில் கிணறு எல்லாம் பார்த்திருப்பீர்கள். ஆனால் கண்ட ஊற்றிலும் வாயை வைக்காதீர்கள். பாட்டிலில் சுமந்து வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடலோர ஊர்களில் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அன்றைக்கு மீன் ஏலம் கிடையாது. ஆனால் எல்லாரும் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள், பேச்சுத்துணைக்கு அந்த நாள்தான் நல்லது.

#13 நெய்தல்நிலா | டிசம்பர் 4, இரவு 7.50

இடிந்தகரையில் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். 2011 போராட்டத்திலிருந்து கேமராவோடு வந்து போனவர்கள் ஏராளம், எழுதியவர்கள் எல்லாரும் நல்லபடியாக எழுதிவிடவும் இல்லை. அங்கே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு எடுத்தால் அவர்களே சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

கடைசி நாளை அவசரப்படுத்தாதீர்கள். கூட்டப்புளிக்கும் குமரிக்கும் நடுவில் வட்டக்கோட்டை. திருவிதாங்கூர்க் காலத்தில் டச்சுத் தளபதி டிலனாய் திருத்திக் கட்டியது. மதிலின் மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சுகள், கீழே கறுப்பு மணல். அஞ்சு நாளில் மலை பக்கத்தில் வந்துவிட்டது அங்கேதான் உறைக்கும். அப்புறம் சின்னமுட்டம் துறைமுகம், அதைத் தாண்டினால் குமரி. குளிர்காலத்தில் அங்கே சூரியன் கடலிலேயே இறங்கும், கோடையில் அந்தக் காட்சி கிடைக்காது.

#14 வனவாசி | டிசம்பர் 5, காலை 11.00

சரி சரி, கூடாரம் வேண்டாம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தார்ப்பாயாவது எடுத்துப் போங்கள், மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழலுக்கு. அந்தக் கரையில் மரம் எங்கே இருக்கிறது?

#15 உவரிக்காரன் | டிசம்பர் 5, மதியம் 12.20

இது நல்ல யோசனை. மரம் இல்லை, உடை முள்தான்.

#16 மணல்நடை | ஜனவரி 27, இரவு 9.35

போய் வந்துவிட்டோம். சொன்னதில் கேட்டது, கேட்காதது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

கேட்காதது: கூடாரத்தை எடுத்துப் போனோம். நண்பரின் பிடிவாதம். அஞ்சு நாளும் பையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டேகால் கிலோ.

மணப்பாட்டில் முதல் நாள் சாயங்காலம் சிலுவைக் கோயில் மணல்குன்றின் மேலே உட்கார்ந்திருந்தோம். 1542இல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகைக்கும் இறங்கிப் பார்த்தோம். கீழே கழிமுகம் கண்ணாடி மாதிரி கிடந்தது. காலை ஏழு மணிக்கு ஏவுதளப் பக்கம் கேட்டோம், காவலர் கையைக் காட்டிய திசையில் ரோட்டைப் பிடித்தோம். பதினோரு கி.மீ. தார் ரோடு. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கால்வலிக்காரன் அண்ணன் சொன்னது நாள் தப்பாமல் நடந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், இடது முழங்கால், வெளிப்பக்கம். நண்பருக்கு. எனக்கு மூன்றாம் நாள். ஈர மணல் பட்டையில் நடந்து ஒருவாறு சமாளித்தோம். இப்போது வீட்டில் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் இடது ஷூவின் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கிறது, வலது அப்படியே இருக்கிறது.

நம்பியாற்றுப் பொழி திறந்திருந்தது. இறங்கலாம் போலத்தான் இருந்தது. மொய்க்கவர் ஞாபகம் வந்து பாலத்துக்குப் போனோம்.

வழியெல்லாம் ஒரே கேள்வி: "நேர்த்திக்கடனா?" இல்லை என்றால், "வண்டி ரிப்பேரா?" அதுவும் இல்லை என்றால் பரிதாபமாகப் பார்த்தார்கள். கூத்தங்குழியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நைலான் நூல் சுற்றிய ஊசியை வாயில் கவ்வியபடி எங்கள் காலைப் பார்த்தார். ஊசியை எடுத்துவிட்டு, "கடலைப் பார்த்துக்கிட்டே நடக்கீங்களா, மணலைப் பார்த்தா?" என்றார். மணலைத்தான் என்றேன். "அதான் கால் வலிக்கி" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அது வைத்தியமா கிண்டலா என்று நண்பரும் நானும் குமரி வரை தகராறு.

அடுத்த தடவை வருவதானால் இடிந்தகரையில் இரண்டு இரவு வைப்பேன். அங்கே அவசரப்பட்டுவிட்டோம்.

#17 தென்னங்கீற்று | ஜனவரி 28, காலை 6.50

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேர், பிப்ரவரி நடுவில், குமரியிலிருந்து செந்தூருக்கு வரலாமா?

#18 உவரிக்காரன் | ஜனவரி 28, காலை 7.05

ஐந்தாம் பதிவைப் படியுங்கள். கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

#19 கால்வலிக்காரன் | ஜனவரி 28, காலை 7.12

அப்படி வந்தால் வலது முழங்கால்.